துக்க வீட்டுக்குப் போன குரல்

செருப்பின் வார் அறுந்தபோது நான் திருத்தணியை விட்டு அதிக தூரம் வந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் மலையும் கோபுரமும் தெரிகிற தூரம்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அறுந்த செருப்பை வேலியோரம் போட்டேன். ஒற்றைச் செருப்போடு நடந்தால் பார்க்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று தோன்றியதால் மற்றதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. அங்கே என்னைத் தெரிந்த முகங்கள் அதிகம். நான் கிளம்பும்போது கடைத்தெருவில் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஏன் இறங்குகின்றன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் எம்.எல்.ஏ. சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியும். அன்று காலை டிபன் நேரத்தில் ஒரு துக்க வீட்டுக்கு போனில் அவர் குரலில் பேசியவன் நான். நான் பேசிய நேரத்தில் அவர் உயிரோடு இல்லை.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி சாலையை விட்டு இறங்கி முட்புதரைப் பார்த்து நின்றேன். கட்சிக்கொடியை அரைக்கம்பத்தில் இறக்கப் போகிறவர்களும் சென்னைக்கு மாலை வாங்கிப் போகிறவர்களுமாக அன்றைக்கு வண்டிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வண்டியும் என்னைத் தேடி வருவதாகவே பட்டது.

தொகுதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நைனா என்பார்கள். வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற அதே வார்த்தை. சைக்கிளில் ஓட்டு கேட்டுப் போய் முதல் தடவை ஜெயித்தவர். நடுவில் ஒருமுறை தோற்றார். தோற்ற அந்தக் காலத்தில்தான் சாவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். வேலையில்லாமல் இருந்தவர் பொழுதுபோகப் போனாராம். அடுத்த தேர்தலில் ஜெயித்தார். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை.

அவர் கொண்டுவந்தவை கண்ணுக்குத் தெரிகிறவைதான். மலையடிவாரத்து ஊர்களுக்கு பஸ், பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், ஏரி மதகு, தெருவுக்குத் தெரு தண்ணீர்த் தொட்டி. மணல் லாரிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் காது கேட்காது. ஆனால் தொகுதியில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் நேரில் போவார். போக முடியாவிட்டால் பிணம் எடுப்பதற்குள் போன் வந்துவிடும். தொண்டையை இரண்டு தரம் செருமிவிட்டு, “ஆங், சொல்லும்மா” என்று ஆரம்பிப்பார். எப்போது இறந்தார், எப்படி இறந்தார் என்றெல்லாம் கேட்க மாட்டார். “கடசியா இன்னா சாப்ட்டாரு?” என்று கேட்பார். அதைச் சொல்லும்போதுதான் அந்த வீட்டுக்காரர்களுக்கு அழுகை வரும். அழுது முடிக்கிறவரை போனைப் பிடித்துக்கொண்டிருப்பார். நாளாக ஆக அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. நைனா போன் வராமல் பிணத்தைத் தூக்க மாட்டோம் என்று சொல்கிற ஊர்கள் உண்டு.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன். லாரியில் கிளீனராக ஓசூர் வரைக்கும் போனேன். கல்குவாரியில் இருந்தேன். ஒரு இடத்தில் கால் தரிக்காது. திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கற்பூரம் விற்க வந்து, அப்படியே மைக் செட்காரர் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டேன். கல்யாண மேடைகளில் பாட்டுக் கச்சேரிக்கு நடுவே நாய், ரயில், நடிகர் குரல் எல்லாம் செய்வேன். ஒரு கல்யாணத்தில் எம்.எல்.ஏ. மாதிரி செருமிக் காட்டினேன். அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கூட்டம் சிரிப்பதை நிறுத்திய பிறகுதான் திரும்பினேன். அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து முதலில் பயந்தேன். அவரோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “எங்கடா கத்துகின? எங்க வீட்டு நாயே உன்னாண்ட வந்துடும் போலகீதே” என்றார்.

தொண்டையில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்த பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. அப்போது ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மேடையில் கையை மட்டும் ஆட்டினார். டாக்டர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று உதவியாளர் சொல்லிவிடுவார். துக்க வீட்டு போன்களை நான் பேசினேன். அவர் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று விரலால் காட்டுவார். மேடையில் பேசாதவர் நம் வீட்டுக்கு மட்டும் பேசுகிறாரே என்று ஜனங்களுக்கு இன்னும் பெருமை.

முதல் நாளே என்னை முன்னால் நிறுத்தி, காற்றுச் சத்தமாக ஒன்றைச் சொன்னார். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“துக்கம் மட்டும் கேளு. என் வாயால எதையும் குடுக்கறேன்னு சொல்லிடாத.”

அந்தக் கட்டளையைக் கடைசி நாள் வரைக்கும் மீறியதில்லை. கடைசி நாள் அவர் எதிரில் இல்லை. சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய செல்போன் திருத்தணி வீட்டில் உதவியாளரிடம் இருந்தது. காலையில் உதவியாளர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, மேற்கே ஒரு ஊரில் நெசவாளி ஒருவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். அவர் முகம் வெளிறியிருந்தது. ராத்திரி தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இறந்தவரின் மகள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. நான் செருமினேன். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

“கேழ்வரகு களி கேட்டாரு நைனா. தூக்கம் வராது, காலைல கிண்டித் தரேன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாய் மோர்தான் குடிச்சாரு.” அழுதாள். நான் காத்திருந்தேன். பிறகு அவள் குரல் மாறியது. “நைனா, ஏரி வழியா சுத்தி தூக்கிகினு போவ சொல்றாங்க. ஏரில இடுப்பளவு தண்ணி கீது. எங்கம்மாவ எட்த்துகினு போனப்போ பாட சாஞ்சி பொணம் தண்ணில உழுந்துச்சி. உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்த சொன்னா வழி உடுவாங்க. கொல்லைக்காரரு தோ, இங்கதான் நிக்கறாரு.”

சுடுகாட்டுக்குப் போகும் பழைய பாதை ஒருவரின் கரும்புக் கொல்லைக்குள் போய்விட்ட கதையை நான் கேள்விப்பட்டிருந்தேன். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தப் பெண்ணின் தெருக்காரர்கள் அதைக் கேட்பார்கள். நைனா பார்க்கலாம் என்பார். கொல்லைக்காரர் அந்த ஊரின் ஓட்டுகளை அவருக்கு வாங்கித் தருகிறவர். அதனால் பார்க்கலாம் என்பதைத் தாண்டி அது போனதே இல்லை.

உதவியாளர் போனை வை என்று கையைக் காட்டினார். அதற்குள் அந்தப் பக்கம் ஆண்குரல் வந்துவிட்டது.

“கும்புடறேன் நைனா.”

பேசாமல் வைத்தால் சந்தேகம் வரும். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு தரம் செருமினேன். அதற்குப் பிறகு வந்தது வேறு.

“பொணத்துக்கு எதுக்குய்யா சுத்து வழி? உட்டுடு.”

“இன்னிக்கு மட்டும் உட்டுடறேன் நைனா.”

“இன்னிக்கு இல்ல. இனிமே.”

“நீங்க சொன்னா சரி” என்றார் அவர்.

போனை வைத்ததும் உதவியாளர் என் சட்டையைப் பிடித்தார். ஆனால் அடிக்கவில்லை. பிற்பகலில் டி.வி.யில் செய்தி வந்தது. விடியற்காலையிலேயே உயிர் பிரிந்தது என்று ஆஸ்பத்திரி அறிக்கையை வாசித்தார்கள். நான் உதவியாளரைப் பார்த்தேன்.

“நீ பேசினப்பவே அவுரு இல்லடா. பந்தோபஸ்துக்கு போலீஸ் வர்ற வரைக்கும் வெளிய சொல்லாதீங்கன்னு மேலேர்ந்து உத்தரவு. துக்க வீட்டுக்கு போன் போவலன்னா அடுத்த நிமிஷம் தொகுதிக்கே தெரிஞ்சிடும். அதான் பேச வெச்சேன். பேச சொன்னா, நீ கொல்லைய எழுதிக் குடுக்கற.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “போன் எதுவும் போவல. நீ யாருன்னே எனக்குத் தெரியாது. இந்த ஊர்ல உன்ன எவன் பாத்தாலும் நான் பொறுப்பில்ல. கெளம்பு.”

அப்படித்தான் கிளம்பினேன். சாவுகளைக் கல்குவாரியிலும் சாலையிலும் பார்த்திருக்கிறேன். பசியும் பழக்கம். எதிலும் இப்படிப் பயந்ததில்லை. நடக்கும்போது தொண்டையில் ஏதோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. யாரும் இல்லாத இடத்தில் என் சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். நைனாவின் குரல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து மூடிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் சாலையில் சாமந்திப் பூக்கள் கிடந்தன. பொரியும் வெடித்த பட்டாசுக் காகிதமும் இருந்தன. சவ ஊர்வலம் போன வழி. எந்த ஊர் என்று தெரியாமலே பூக்களின் மேல் கால் படாமல் ஓரமாக நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பூக்கள் சாலையை விட்டுத் திரும்பின. அங்கே முள்வேலியை வெட்டிப் பக்கத்தில் குவித்திருந்தார்கள். கரும்பை ஒரு பாடை போகும் அகலத்துக்கு அறுத்திருந்தார்கள். புது அறுப்பு. அடிக்கட்டைகள் இன்னும் ஈரமாக இருந்தன. பூக்கள் அதற்குள் போயிருந்தன.

எந்த ஊருக்குப் போகக் கூடாதோ அந்த ஊருக்கே நடந்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பிப் போனால் திருத்தணி. முன்னால் போனால் ஊர். கால் இரண்டும் கொப்புளம். தண்ணீர் குடித்து வெகுநேரமாகிவிட்டது.

ஊர் முகப்பில் ஒரு டீக்கடை துக்கத்துக்காகப் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு வியாபாரம் செய்தது. ஒரு அம்மாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் ஒல்லியாக, கையில் பீடியோடு. மற்றவர் பருத்த உடம்பு, தோளில் ஈரத்துண்டு. சாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்திருக்க வேண்டும். பருத்தவர் வாயைத் திறந்ததும் யார் என்று தெரிந்துகொண்டேன். காலையில் ஸ்பீக்கரில் கேட்ட குரல்.

நான் ஒரு விரலைக் காட்டி டீ கேட்டேன். ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

“கொரல் எனக்குத் தெரியாதாய்யா?” என்றார் கொல்லைக்காரர். “எத்தினி வருசமா கேக்கறேன்.”

“செத்தது விடியறதுக்கு முன்னாடின்றான். உனுக்கு போன் வந்தது பொழுது ஏறி” என்றார் பீடிக்காரர். “எமலோகத்துல டவர் நல்லா கீது போல பாவா.” மச்சான் முறைக்காரரை அந்தப் பக்கம் பாவா என்பார்கள்.

டீக்கடை அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கொல்லைக்காரர் சிரிக்கவில்லை.

“உதவியாளருக்கு போன் போட்டு கேட்டேன். இன்னிக்கு யாருக்கும் பேசவே இல்ல, யாரு சொன்னதுன்னு என்னையே திருப்பிக் கேக்கறான். சத்தியம் பண்றான்யா.”

“அப்ப எவனோ கம்ப்யூட்டர்ல பண்ணியிருக்கான். இப்பதான் செத்தவங்கள பாடவே வெக்கறாங்களே. காலைல வேலிய திருப்பிக் கட்டு, வேல முடிஞ்சுது.”

“கம்ப்யூட்டரு செருமுமா? ரெண்டு வாட்டி செருமிட்டுதான் பேசினாரு. உதவியாளரு நான்தான் ஆள வெச்சி பேசுனேன்னு சொல்லட்டும், இந்த நிமிஷமே போயி முள்ளு வெட்டிப் போடறேன். அவன் பேசவே இல்லன்றானே. அப்பறம் பேசினது யாரு?” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “உசுரோட இருந்தவரைக்கும் ஒரு நாளும் கேக்காதவரு. செத்து வந்து கேட்டிருக்காரு. குடுத்துட்டு திருப்பி வாங்கு, திருப்பி வாங்குன்றியே. உன் கொல்லையா இருந்தா வாங்குவியா?”

“எனுக்கு ஏது கொல்ல, அதான் பேசறேன்” என்றார் பீடிக்காரர்.

நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கை போதவில்லை. கொல்லைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“யோவ், எங்கேர்ந்து வர? திருத்தணியா? அங்க இன்னா சொல்றாங்க?”

நான் வாயைத் தொட்டுக் காட்டி, கையை இல்லை என்று ஆட்டினேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகச் செய்தது.

“ஐயோ பாவம், வாய் பேச முடியாதவரு போல” என்றாள் அம்மாள்.

கொல்லைக்காரர் பார்வையை எடுக்கவில்லை. என் கால், என் சட்டை, என் முகம் எல்லாவற்றையும் பார்த்தார். மைக் செட்காரரோடு இந்தப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்காவது வந்திருக்கிறேனா என்று நினைவைத் துழாவினேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பார்வையைத் தவிர்க்க டீயை அவசரமாக விழுங்கினேன். புரையேறியது. அடக்கப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டியது. முடியவில்லை.

தொண்டை இரண்டு தரம் செருமியது.

அது என் செருமல் இல்லை. கல்யாண மேடையில் கூட்டத்தைச் சிரிக்கவைத்தது, காலையில் துக்க வீட்டுக்குப் போனது, அதேதான் வந்தது. பீடிக்காரர் கவனிக்கவில்லை, அவர் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கொல்லைக்காரர் எழுந்துவிட்டார். அவர் டம்ளர் பெஞ்சிலிருந்து விழுந்து உருண்டது. அடிக்க வருகிறார் என்று தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டேன்.

அடி விழவில்லை. கையை இறக்கிப் பார்த்தேன். அவர் கடைக்கு வெளியே போய் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால், சாத்திய பாதிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

“இன்னா பாவா, டீக்கு காசு?” என்று அம்மாள் கத்தினாள். அவர் நிற்கவில்லை. “பேயடிச்சா மாரி ஓடறான் பாரு.”

“கரும்பு போன துக்கம்” என்றார் பீடிக்காரர்.

கொல்லைக்காரரும் என்னைப் போலவே பயந்திருக்க வேண்டும். யார் பேசியது என்று சொல்ல உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். ஒருவர் சத்தியம் செய்து மறுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கிற அன்றைக்கு அந்த முள் மறுபடி அதே இடத்துக்கு வந்துவிடும். என் பயத்துக்கு நடுவிலும் அது தெளிவாகத் தெரிந்தது. அதனால் பயம் குறைந்துவிடவில்லை.

அம்மாள் என் எதிரில் ஒரு பன்னை வைத்தாள். “காது கேக்குதா உனக்கு?” தலையாட்டினேன். “கேக்குதா? நல்லதாப் போச்சு. வேல எதனா செய்வியா? பொதட்டூர்பேட்டையில எங்கண்ணன் தறி போட்டுகினு கீறான். ஆளே நிக்க மாட்டேன்றான்னு பொலம்பறான். அங்க வாயும் வேணாம், காதும் வேணாம். கை இருந்தா போதும். கடைக்குப் பின்னால படுத்துக்கோ. காலைல நூல் வண்டி வரும், ஏத்தி உடறேன்.”

விடிந்ததும் நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். வண்டி கரும்புக் கொல்லையைத் தாண்டியது. வெட்டிய முள் நேற்றுக் குவித்த இடத்திலேயே கிடந்தது. வெட்டிய இடத்தின் இரண்டு பக்கமும் யாரோ கல் நட்டு, மேலே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். கல்லின் முன்னால் ஒரு இலையில் களி உருண்டை இருந்தது. காக்கை இன்னும் தொடவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தறிக்கூடத்துக்குள் நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. அத்தனை தறியும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. லுங்கித் துணி அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவர்கள் கையால் பேசிக்கொண்டார்கள். நூல் அறுந்தது என்றால் ஒரு சைகை, டீ வந்தது என்றால் ஒரு சைகை. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. மூலையில் இருந்த மிஷினைக் காட்டி, துணியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினார். நான் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தேன்.

பஞ்சுத் தூசி தொண்டைக்குள் போனது. அடக்கிப் பார்த்தேன். பிறகு செருமினேன். ஒருவரும் திரும்பவில்லை.